நாம் தேடிய இரண்டு பல்

செல்வி,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க இந்தத் தடவை மனசு வரவில்லை. நீ நலமில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்குக் காரணம் யார் என்பதுதான் உனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியபோது, "அப்பா, வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு அம்மா வேண்டாம், அழுதுருவா. நீங்க வாங்க. நீங்க வெளிய உக்காந்திருக்கீங்கன்னு தெரிஞ்சாலே எனக்குப் பயம் விட்டுரும்" என்றாய். நானும் வழக்கம்போல, "அதுக்கென்ன தாயி, மொத பஸ்ஸுக்கே வாரேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதன் பிறகு உங்க அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டும் என்னால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. மறுநாள் மத்தியானம் உன் பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றைத் தேடி எடுத்து, இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பேசிப் பிழைத்தவன் என்று உனக்குத் தெரியும். கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் வரை நின்றுகொண்டே டிக்கெட் கிழித்து, சில்லறைக்குச் சண்டை போட வந்தவனைச் சிரிக்கவைத்து இறக்கிவிட்ட கண்டக்டர். சுற்றி வளைத்து ஆரம்பித்தால் இந்தக் கடிதமும் அப்படித்தான் போகும். சிரிப்பும் கதையுமாக எழுதிவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே உறையை ஒட்டிவிடுவேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் பல் கரிசல் மண் வெடிப்புக்குள் விழவில்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், அந்த மைதானத்தில் நீயும் உங்க அம்மாவும் உன்னோடு ஆடிய பிள்ளைகளும் முட்டிபோட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது, அந்த இரண்டு பல்லும் என் காக்கிச் சட்டையின் மேல்பையில் இருந்தன. எனக்குத் தெரிந்தே இருந்தன.

இதைப் படித்ததும் நீ கடிதத்தைத் தூக்கி எறிந்திருந்தால் தப்பில்லை. என்றைக்காவது மறுபடி எடுத்தால் மீதியையும் படி. என்னைக் காப்பாற்றிக்கொள்ள இதை எழுதவில்லை. காப்பாற்றிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. உன் உடம்பில் நடந்தது உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அப்போது நீ பத்தாவது முடித்திருந்தாய். விளையாட்டு விடுதியில் ஹாக்கிக்கு உனக்கு இடம் கிடைத்திருப்பதாக உங்கள் பி.டி. மாஸ்டர் நம் வீட்டுக்கே வந்து சொன்னார். "அண்ணாச்சி, இந்தப் பிள்ள கால்ல ஓட்டம் இருக்கு, கையில அடி இருக்கு. அங்கன போனா ரெண்டு வருஷத்துல மாநில டீம்ல நிப்பா. எதிர்காலத்துல வேலைக்கும் கவலையில்ல" என்றார். நான் அவருக்குக் காப்பி கொடுக்கச் சொல்லிவிட்டு, மாட்டேன் என்று சொல்லாமல், பார்ப்போம் என்றேன். நான் பார்ப்போம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம் என்பது உனக்குத் தெரியும். நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. உங்க அம்மா என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், தொலையட்டும் என்று விடுதிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். நீ ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாய். உன் வியர்வை வாசனை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

ஆனால் கையெழுத்துப் போட்டவன் மனசு அதில் இல்லை. உன் பெரியப்பா ஓட்டப்பிடாரத்திலிருந்து வந்தபோது, "பொட்டப்பிள்ளைக்கு டவுசரப் போட்டு ஊரு ஊரா அனுப்பப் போறியாமே. நாளைக்கு எவன் வீட்டு வாசல்லடா போய் நிப்ப?" என்று கேட்டார். பஸ்ஸிலும் அதே பேச்சுத்தான். கடைசி சீட்டில் உட்கார்ந்து ஒருவன், "கண்டக்டர் மக இந்தியாவுக்கு ஆடப்போகுதாம்லே" என்று சொல்லிச் சிரித்தான். ஊரில் எல்லாரையும் கேலி செய்கிறவன் நான். என்னை ஒருவன் கேலி செய்ததும் தாங்கமுடியவில்லை. உன்னை நினைத்துப் பயந்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிகூட உண்மை இல்லை. என் மானத்தை நினைத்துத்தான் பயந்தேன். நீ இல்லாத வீட்டை நினைத்தும் பயந்தேன். இந்த இரண்டு பயத்தையும் சேர்த்துக் கட்டி, அதற்குப் பாசம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

நீ விடுதிக்குக் கிளம்ப ஆறு நாள் இருந்தது. சித்திரை வெயில். காலை டூட்டி முடித்து, யூனிபார்மைக்கூட மாற்றாமல் மைதானத்துக்கு வந்தேன். உன்னைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிப்போய், பக்குவமாகப் பேசி மனசை மாற்றிவிடலாம் என்ற எண்ணம். மைதானத்தில் செம்மண் சரள் போட்டு வைத்திருந்தார்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் நாலு எட்டு வைத்தால் சரள் முடிந்து கரிசல் ஆரம்பித்துவிடும். அந்த வருஷம் மழை சரியில்லை. மண் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கைவரை போகும். நான் அந்த வெடிப்புகளின் ஓரத்தில், கோலுக்குப் பின்னால் நின்றேன். நீங்கள் பெனால்டி கார்னர் பழகிக்கொண்டிருந்தீர்கள். நீ அடியைத் தடுக்கக் கோல் கோட்டில் குனிந்து நின்றாய். என்னைப் பார்க்கவில்லை.

பந்து எப்படி எழும்பியது என்று தெரியாது. சத்தம்தான் கேட்டது. மட்டையில் பட்ட சத்தம் ஒன்று, உன் வாயில் பட்ட சத்தம் ஒன்று. இரண்டாவது சத்தத்தை நான் எழுதமாட்டேன். நீ மல்லாந்து விழுந்தாய். என் செருப்புக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஏதோ வந்து விழுந்தது. குனிந்து எடுத்தேன். இரண்டு பல், முழுசாக, வேரோடு. ஒன்றில் கொஞ்சம் சதை ஒட்டியிருந்தது. அதற்குள் மாஸ்டர் ஓடிவந்து உன் வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டே கத்தினார்: "பல்லு எங்க? எல்லாரும் தேடுங்கட்டீ! பல்லு கிடைச்சா பால்ல போட்டு எடுத்திட்டுப் போனா டாக்டர் திரும்ப வச்சிருவாரு! ஒரு மணி நேரத்துக்குள்ள போகணும்! ஏட்டி, ஒருத்தி போய் டீக்கடையில பால் வாங்கிட்டு ஓடியா!"

என் கை மூடியிருந்தது. வாயைத் திறந்தேன். 'இந்தா இருக்கு மாஸ்டர்' என்று சொல்ல மூன்று வார்த்தைதான் வேண்டும். அந்த நேரத்தில் என் மனசில் என்ன வந்தது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன். நீ இரத்தம் கொட்டக் கிடக்கிறாய். பெற்றவனுக்குப் பதற்றம் வர வேண்டும். எனக்கும் வந்தது, ஆனால் அது இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, இனி இவள் போகமாட்டாள் என்ற நிம்மதி. பல்லை ஒட்டவைத்துவிட்டால் பத்து நாளில் நீ மறுபடி மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். அவ்வளவு சீக்கிரம் ஒரு மனுஷன் கணக்குப் போட முடியுமா என்று கேட்காதே. முடியும். கையைப் பைக்குள் விட்டு, பல்லை டிக்கெட் கட்டுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

மீதி உனக்கே தெரியும். யாரோ சொல்லி உங்க அம்மா தெருவிலிருந்து செருப்பில்லாமல் ஓடிவந்தாள். வந்தவள் உன்னை ஒரு தடவை கட்டிப்பிடித்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு வெடிப்பிலும் கையை விட்டுத் தேடினாள். கரிசல் கட்டி கண்ணாடித் துண்டு மாதிரி கிழிக்கும். அவள் புறங்கையெல்லாம் கீறல். பிள்ளைகள் பதினாலு பேரும் வரிசையாக முட்டிபோட்டுத் தேடினார்கள். மாஸ்டர் உன்னைத் தூக்கி வண்டியில் உட்காரவைக்கப் பார்த்தபோது நீ அவர் கையைத் தள்ளிவிட்டு, துண்டைக் கடித்துக்கொண்டே கீழே இறங்கி நீயும் முட்டிபோட்டாய். "இன்னுங் கொஞ்சம் பாப்போம்மா. இங்கனதான் கெடக்கும்" என்றாய். வார்த்தை சரியாக வரவில்லை. நானும் உங்களோடு குனிந்து தேடினேன், செல்வி. பையிலிருந்து கீழே விழுந்துவிடக்கூடாது என்று ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தேடினேன். "நெஞ்சு வலிக்காப்பா?" என்று நீ கேட்டாய்.

ஆஸ்பத்திரியில், எலும்பு ஓரத்தில் கொஞ்சம் உடைந்திருக்கிறது என்று சொல்லித் தையல் போட்டு அனுப்பினார்கள். பல் இல்லையா என்று அங்கேயும் கேட்டார்கள். இல்லை என்று நான்தான் பதில் சொன்னேன். சாயங்காலம் நீ மருந்து மயக்கத்தில் தூங்கியதும், நான் மட்டும் மைதானத்துக்குத் திரும்பிப் போனேன். யாருமில்லை. பையிலிருந்த இரண்டு பல்லையும் எடுத்து, உங்க அம்மா தேடிய வெடிப்புகளில் ஒன்றில் போட்டேன். வெடிப்பில் விழுந்துவிட்டது என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதில் போட்டுவிட்டால் அது பொய்யில்லை என்று என் புத்தி சொன்னது. படித்தவன், ஊருக்கு நியாயம் சொல்கிறவன், செய்த வேலையைப் பார். ஐப்பசியில் மழை விழுந்ததும் மண் ஊறி வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டது. அடுத்த சித்திரையில் மறுபடி வாய்பிளந்தபோது நான் அந்தப் பக்கமே போகவில்லை. இன்றுவரை போகவில்லை.

விடுதிக்குப் போகவேண்டாம் என்று நான் உன்னிடம் சொல்ல வேண்டியே வரவில்லை. நீயே விட்டுவிட்டாய். "இந்த வாயோட எப்படிப்பா போவேன்" என்று மட்டையைப் பரணில் வைத்தாய். நான் எதிர்பார்த்ததைவிட என் காரியம் சுலபமாக முடிந்தது. உன் இடத்துக்குப் போன பிள்ளை இன்றைக்கு ரயில்வேயில் இருக்கிறாள். ஊருக்கு வரும்போது பஸ்ஸில் பார்த்தால், "செல்வி எப்படி இருக்கா? அவதான் எங்க எல்லாரையும் விட நல்லா ஆடுவா" என்பாள். அந்தப் பிள்ளைக்கு டிக்கெட் கொடுத்துவிட்டு நான் டிரைவர் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன்.

அதன் பிறகு கழற்றி மாட்டுகிற பல். அதைக் கழற்றித் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டு, நீ கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிய பதினெட்டு வருஷம். சிரிக்கும்போது கையால் வாயை மூடுகிற பழக்கம் உனக்கு அப்போதுதான் வந்தது. அதற்கு முன்னால் நீ என்னைப்போல ஊரைக் கூட்டிச் சிரிக்கிறவள். உன் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்திலாவது உதடு பிரிந்திருக்கிறதா என்று போன வாரம் உட்கார்ந்து தேடினேன். ஒன்றுகூட இல்லை. மாப்பிள்ளை வீட்டார், "பொண்ணு அடக்கமா இருக்கா" என்று பாராட்டினார்கள். நான் தலையாட்டினேன்.

மதுரையில் அந்தப் பல் டாக்டரம்மாவிடம் முதல்முறை போனபோது, மாப்பிள்ளை மஸ்கட்டில் இருப்பதால் நான்தான் உன்னோடு வந்தேன். கழற்றாத பல் வைக்க வேண்டும் என்று கேட்டாய். அவர் ஸ்கேன் எடுத்து, கம்ப்யூட்டரில் உன் மேல்தாடையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். மற்ற பற்களைச் சுற்றி எலும்பு பருமனாக இருந்தது. அந்த இரண்டு இடத்தில் மட்டும் கத்தி முனை மாதிரி மெலிந்துபோயிருந்தது. "பல்லோட வேர் இருந்தாத்தான் எலும்புக்கு வேலை. வேலை இல்லாத எலும்பை உடம்பு கொஞ்சம் கொஞ்சமா கரைச்சிடும். இவ்வளவு மெல்லிசுல ஸ்க்ரூ நிக்காது. முதல்ல எலும்பை வளர்க்கணும்" என்றார். பிறகு கேட்டார்: "ஏம்மா, அன்னைக்குப் பல்லு கிடைக்கவே இல்லையா?" நீ சிரித்துக்கொண்டே, கையால் வாயை மூடிக்கொண்டே சொன்னாய்: "ஊரே தேடுச்சு டாக்டர். எங்க ஊரு கரிசல் வெடிப்புல விழுந்தா ஆட்டுக்குட்டியே காணாமப் போயிரும். எங்கப்பாவுந்தான் பாவம், நெஞ்சப் பிடிச்சிக்கிட்டுத் தேடுனாரு." டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். சொல்வதற்கு ஆண்டவனாகப் பார்த்துக் கொடுத்த இடம் அது. நான் சிரித்தேன்.

முதல் ஆபரேஷனில் நீ பட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். ஈறைப் பெரிதாகத் திறந்து, கீழ்த்தாடையின் பின்னாலிருந்து எலும்புத் துண்டு எடுத்து, மேலே வைத்துத் திருகாணி போட்டார்கள். முகம் வீங்கி, கண் சுருங்கி, உன் மகள் உன்னைப் பார்த்துப் பயந்து என் பின்னால் ஒளிந்துகொண்டாள். பன்னிரண்டாம் நாள் தையல் விட்டுப்போய், வைத்த எலும்பு வெளியே தெரிந்து, சீழ் பிடித்து, எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். ஆறு வாரம் கஞ்சியும் மாத்திரையும். ஒரு நாள் நீ அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொன்னு விதிச்சிருக்கு, நாம என்னப்பா செய்ய" என்றாய். விதியா, தாயி? உன் விதி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து உனக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தது.

போன மாதம் உனக்குத் தெரியாமல் நான் அந்த டாக்டரைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். ஒரு பேச்சுக்குக் கேட்கிற மாதிரி, "அன்னைக்குப் பல்லு கிடைச்சு உடனே வச்சிருந்தா என்னம்மா ஆயிருக்கும்?" என்று கேட்டேன். அவர் யோசித்துத்தான் சொன்னார். "உறுதியா எதுவும் சொல்ல முடியாதுங்க ஐயா. சிலருக்கு ஆயுசுக்கும் நிக்கும், சிலருக்குச் சில வருஷத்துல போயிடும். ஆனா வளர்ற வயசுல வேர் உள்ள இருந்திருந்தா, எலும்பு அநேகமா இந்த அளவுக்குக் கரைஞ்சிருக்காது." நான் அழுதுவிட்டேன். அவர், ஆபரேஷனை நினைத்துத்தான் அழுகிறேன் என்று எடுத்துக்கொண்டு, தண்ணீர் கொடுத்து, ஒரு தாளில் படம் வரைந்து புரியவைத்தார். இந்தத் தடவை ஈறைத் திறக்கப் போவதில்லையாம். உதட்டின் உள்பக்கம், விரல்நகம் அகலத்துக்கு ஒரே ஒரு கீறல். அந்த வழியாக ஈறை எலும்பிலிருந்து மெல்லப் பிரித்து உள்ளே ஒரு சின்னப் பை மாதிரி செய்வார்கள். உன் கையிலிருந்தே கொஞ்சம் இரத்தம் எடுத்து இயந்திரத்தில் சுழற்றி, அதில் திரள்கிற பசையோடு எலும்புத் தூளைக் குழைத்து அந்தப் பைக்குள் வைத்து மூடிவிடுவார்கள். இரண்டு மூன்று தையல். காயம் சின்னது என்பதால் இரத்த ஓட்டம் கெடாது, பிரிந்துபோகிற ஆபத்தும் குறைவு என்றார். ஆறேழு மாதத்தில் எலும்பு ஊறிவிட்டால் பல்லுக்கு ஸ்க்ரூ வைக்கலாம். "நீங்க தைரியமா இருந்தாத்தான் அவங்க தைரியமா இருப்பாங்க. உங்க பேச்சைத்தான் எப்பவும் பேசிட்டிருப்பாங்க" என்றும் சொன்னார். அந்த அம்மாவிடம்கூட உண்மையைச் சொல்லாமல் வெளியே வந்து, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுவரை நடந்தே போனேன்.

பெற்றவன் என்று இரண்டு வார்த்தை புத்தி சொல்ல எனக்கு இன்னும் இடமிருக்கிறதா, தெரியவில்லை. ஆபரேஷன் விஷயத்தை மட்டும் கேட்டுக்கொள், அது டாக்டர் சொன்னது. பத்து நாளைக்கு உதட்டைத் தூக்கித் தூக்கிக் கண்ணாடியில் பார்க்காதே, தையல் இழுக்கும். ஓங்கிக் கொப்பளித்துத் துப்பாதே. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதே. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மு. பழைய பல் செட் காயத்தை அழுத்தும், அதனால் அவர் சரி என்று சொல்கிறவரை மாட்டாதே. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முன்னால் பல்லில்லாமல் எப்படி நிற்பது என்று நீ கூசுவாய். லீவு போடு. கணக்கு டீச்சர் பத்து நாள் இல்லாவிட்டால் எந்தப் பிள்ளையும் அழாது.

இன்னொன்று உன்னிடமிருந்துதான் கற்றேன். போன வருஷம் உன் மகள் ஹாக்கி ஆடவேண்டும் என்று கேட்டபோது, நீ வேண்டாம் என்றுதான் சொல்வாய் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும், பார், எவ்வளவு கேவலமான மனசு. நீ கடைக்குக் கூட்டிப்போய், பல்லுக்கு மேலே மாட்டுகிற ரப்பர் கவசம் வாங்கிக் கொடுத்தாய். வெந்நீரில் போட்டு இளக்கி, அவள் வாயில் வைத்துக் கடிக்கச் சொல்லி, அளவு பார்த்தாய். "எனக்கு நடந்தது விபத்துப்பா. அதுக்காக இவள வீட்டுலயா பூட்டி வைக்க முடியும்?" என்றாய். ஒரு ரப்பர் துண்டு. அவ்வளவுதான் வேண்டியிருந்திருக்கிறது. நீயும் பயந்தாய், ஆனால் உன் பயத்தை நீயே வைத்துக்கொண்டாய். பிள்ளை தலையில் கட்டவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நீ என் மகளாக இல்லாததற்கு நான் தினமும் சாமி கும்பிடுகிறேன்.

ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்பாய். ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு இருந்தது. முதலில் நீ சின்னப்பிள்ளை, பிறகு பரீட்சை, பிறகு கல்யாணம், பிறகு பிரசவம், பிறகு ஆபரேஷன். உண்மையான காரணம், நீ என்னை அவ்வளவு நம்பினாய். ஒரு மனுஷனை ஒருத்தி அப்படி நம்புகிற சுகத்தை விட எனக்கு மனசு வரவில்லை. இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், போனில் நீ பயம் விட்டுரும் என்றாய். உன்னை மேஜையில் படுக்கவைத்து, நான் திருடிய எலும்பைத் திரும்ப வைக்க அவர்கள் பாடுபடும்போது, வெளியே உட்கார்ந்து நல்ல தகப்பன் வேஷம் போட என்னால் முடியாது. போன தடவை முடிந்தது. இந்தத் தடவை முடியாது.

இதுவரை நேற்று எழுதியது. இன்று காலை நோட்டை மூடிவைக்க மறந்து குளிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது உங்க அம்மா மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். முழுவதும் படித்துவிட்டாள். அழவில்லை. நீ நினைக்கிறாய், அவள் எதற்கெடுத்தாலும் அழுகிறவள் என்று. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நான் வெடிப்புக்குள்ள கைய விட்டுத் தேடிக்கிட்டிருந்தப்போ, ஒங்க பையிலயா இருந்துச்சு?" ஆமா என்றேன். "எம் புள்ள இருன்னு சொல்லியும் நான்தான் தேடுனத விட்டுட்டு அவள ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன். இன்னுங் கொஞ்சம் தேடியிருக்கலாமேன்னு பதினெட்டு வருஷமா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கேன்" என்றாள். எனக்கு அது தெரியாது, செல்வி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, எனக்கு அது தெரியவே தெரியாது.

பிறகு அவள் அலமாரியைத் திறந்து இரண்டு சேலையை எடுத்துப் பையில் வைத்தாள். "எம் மகளுக்கு நான் போறேன். அந்தக் கடுதாசிய முடிச்சுத் தாங்க, நானே கையில குடுக்கேன். நீங்க வராதீங்க. அவ வரச்சொன்னா மட்டும் வாங்க" என்றாள். பஸ் ஏற்றிவிடவாவது வரட்டுமா என்று கேட்டேன். அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். இப்போது வாசலில் பையோடு நின்றுகொண்டு, "முடிஞ்சிச்சா?" என்று இரண்டாவது தடவையாகக் கேட்கிறாள்.

ஆபரேஷன் முடியும்வரை இதை உன்னிடம் கொடுக்காதே என்று அவளைக் கெஞ்ச நினைத்தேன். மறுபடியும் நான் எதையாவது மறைத்துவைத்தவனாக ஆகிவிடுவேன் என்று விட்டுவிட்டேன். எப்போது கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நீ கோபப்படு. போனில் கூப்பிட்டு, வாய்க்கு வந்தபடி திட்டு. உன் மகளிடமும் ஒருநாள் சொல்லு, உன் தாத்தா இப்படிச் செய்தான் என்று. கூப்பிடாமலே இருந்தாலும் உன் மேல் எனக்குக் குறையில்லை. போன் என் பக்கத்தில்தான் இருக்கும்.

கடிதத்தின் அடியில் உன் அப்பா என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை எழுத வரவில்லை. அந்த இடத்தை வெறுமனே விட்டிருக்கிறேன். அங்கே என்ன எழுதலாம் என்று நீ சொல்லு, தாயி. நீ எதைச் சொன்னாலும் அதையே எழுதிக்கொள்கிறேன்.